எத்தனை வாட்ஸ்?

கேள்வி: கொடுங்கையூரில் எங்களுடையது சின்ன பாப்டிஸ்ட் சபை. 40 பேர் வந்தால் அதிகம். ஜூனிலிருந்து பிள்ளைகளுக்கு சண்டே கிளாஸ் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறோம். எத்தனை வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கலாம்?
(வாசகர், கொடுங்கையூர்)

பதில்: பூஜ்யம் வாட்ஸ்.

மேலே தகர ஷீட், 10-க்கு 15 அடி அறை, உள்ளே 12 வாண்டுகள். அதில் பெட்டியை வைத்தால் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வார்த்தையை விழுங்கிவிடும். டீச்சர் கத்துவார், பிள்ளைகள் அவரை ஜெயிக்கக் கத்தும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வடசென்னைச் சந்துகளில் மீன் கூவி வரும் அம்மா, ஒரு யூனிட் கரன்ட் செலவில்லாமல் மூன்று தெருவை எழுப்பிவிடுகிறார். ‘ஆசிரியருக்கு இசை பிடிக்காது’ என்று வாராவாரம் கார்டு போடும் பெரம்பூர் அன்பர் இந்த வாரமும் போடட்டும். கைதட்டல் எனக்குப் பிடிக்கும்.

1780-ல் இங்கிலாந்தின் க்ளாஸ்டரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிப் பரப்பிய ராபர்ட் ரெய்க்ஸ், போதகர் அல்ல, பத்திரிகைக்காரர். (எங்கள் ஜாதிப் பிராணிக்கும் ஒரு நல்ல பெயர்!) வாரமெல்லாம் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லித்தரக் கூலி கொடுத்து ஆள் வைத்தார். 1785-ல் லண்டனில் இதற்கென்றே சங்கம் வைத்த வில்லியம் ஃபாக்ஸ் உங்கள் பாப்டிஸ்ட்காரர்தான். வாட்ஸுக்குப் பெயர் கொடுத்த ஜேம்ஸ் வாட் அப்போது உயிரோடுதான் இருந்தார். ஆனாலும் யாரும் வாட்ஸ் கேட்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது பெரியவர்கள், ஒவ்வொரு வாரமும் தவறாமல் இரண்டு பேர். ஒருவரை வைத்து நடத்தவே நடத்தாதீர்கள். ஒரு பிள்ளை பாத்ரூம் கேட்கும், இன்னொன்று விழுந்து முட்டி சிராய்க்கும். அந்த நேரத்தில் மீதிப் பேரை யார் பார்ப்பது? அதைவிடப் பெரிய காரணம், எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது. கதவு திறந்தே இருக்கட்டும். ப்ளஸ் டூ படிக்கும் அண்ணன் உதவிக்கு வரலாம், இரண்டாவது பெரியவர் கணக்கில் வரமாட்டான். தவறு நடந்ததாகத் தெரிந்தால் ‘சபைக்குள்ளேயே பேசித் தீர்ப்பது’ கிடையாது. 2012-ன் போக்சோ (பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும்) சட்டப்படி போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு. குழந்தைகள் உதவிக்கான 1098 எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

நோட்டு ஒன்று போடுங்கள்: பெயர், வயது, அம்மா அல்லது அப்பா நம்பர், எது சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது, யார் வந்து கூட்டிப்போவார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள், சபைக்கே வராத வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. அந்த வீட்டுக்குப் போய், இது பைபிள் கதை வகுப்பு என்று நேராகச் சொல்லி, கையெழுத்து வாங்குங்கள். டியூஷன் என்று பூசி மெழுகினால் ஒரு மாதத்தில் தெருவே வாசலில் நிற்கும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கும் தனியாகக் கேளுங்கள்.

நேரம் 45 நிமிடம். பாட்டு 10, கதை 10, வசனம் 5, மீதி கைவேலை. 5 வயசும் 12 வயசும் ஒரே கதை கேட்கலாம், கைவேலை வேறு வேறாக இருக்கட்டும். இல்லையென்றால் சின்னது அழும், பெரிசு ஓடும். ஃபெவிகாலை டப்பாவோடு கொடுக்காமல், பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுங்கள். பிஸ்கட் கடைசியில்தான். முதலில் கொடுத்தால் பாதிப் பேர் பாட்டுக்கு முன்பே வீட்டில் இருப்பார்கள். பிரசங்க நேரத்தில் வகுப்பு வைப்பதானால் கையில் ஒரு விளையாட்டு உபரியாக இருக்கட்டும். பாஸ்டரின் ‘கடைசியாக ஒரு வார்த்தை’க்குக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும்.

நீங்கள் பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. தானே விசுவாசித்துச் சொன்ன பிறகுதான் முழுக்கு. அப்படியிருக்க, ‘இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை தூக்குங்கள்’ என்று 6 வயதுகளிடம் கேட்டால் 12 கையும் மேலே போகும். ‘யாருக்கு பிஸ்கட்?’ என்றாலும் அதே 12 கைதான். அதை எண்ணி அறிக்கையில் எழுதாதீர்கள்.

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை பைபிள் பள்ளி) பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம்; பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கும். அதற்குப் பெரிய ஹால் வேண்டுமே என்று அடுத்த கார்டு எழுதுவீர்கள், தெரியும். 1898-ல் நியூயார்க்கில் திருமதி ஹாஸ் என்ற பாப்டிஸ்ட் அம்மையார் கோடை விடுமுறைப் பைபிள் வகுப்பை வாடகைக்கு எடுத்த பீர் ஹாலில்தான் நடத்தினார். நம் டாஸ்மாக்கும் மதியம் 12 வரை பூட்டித்தான் கிடக்கிறது. சாவிதான் தரமாட்டார்கள்.