பியோனி மலரை நம்பி முன்பணம் கொடுக்கலாமா?

நடுவில் பியோனி மலர் செதுக்கிய பச்சைநிறச் சீனத் தட்டு ஒன்றை, சோங் அரசமரபுக் காலத்தது (கி.பி. 960–1279) என்று ஆய்வகச் சான்றிதழுடன் தரகர் ஒருவர் விற்க வந்திருப்பதாகவும், முன்பணம் கேட்பதாகவும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பியோனியும் தாமரையும் சோங் காலத்துக்குப் பிறகும் செலடானில், அதாவது இந்தப் பச்சைப் பூச்சுப் பீங்கானில், தொடர்ந்து செதுக்கப்பட்டவை. செலடானுக்குப் பேர்போன செச்சியாங் மாகாணத்து லோங்சுவானில் இன்றும் சூளைகள் எரிகின்றன. எனவே என்ன மலர் என்பதைவிட அது எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பிடித்தால், கத்தியைச் சாய்த்து வெட்டிய இதழின் ஒரு விளிம்பு ஆழமாக இறங்கி, மறுபக்கம் மெல்ல மேலேறி மறையும். பச்சைப் பூச்சு பள்ளத்தில் தேங்கிக் கருத்தும், மேட்டில் மெலிந்து வெளிறியும் தெரியும். கோடுகள் எல்லாம் ஒரே ஆழத்தில் ஓடினால் சந்தேகப்படுங்கள்.

பிறகு தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். லோங்சுவான் மண்ணில் இரும்பு இருப்பதால், பூச்சுப் படாத அடிவளையம் சூளை ஆறும்போது காற்றுப் பட்டுச் சிவக்கும். ஆனால் இன்று சுட்ட தட்டும் அப்படியே சிவக்கும். சிவக்காததற்கு நிறம் தீட்டிவிடுவோரும் உண்டு. ஒரு விதிவிலக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். சோங்குக்குப் பிந்தைய மிங் அரசமரபுக் காலத்துப் பெரிய தட்டுகளைக் குழாய் போன்ற தாங்கியின் மேல் வைத்துச் சுட்டதால், அவற்றின் அடிவளையம் முழுக்கப் பச்சைப் பூச்சுடன் இருக்கும். சிவப்பு, அதற்கு உள்ளே, அடிப்பரப்பில் தனி வட்டமாக நிற்கும். இதை அறியாமல் நல்ல தட்டைப் போலி என்று ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள், மிங் தட்டைச் சோங் விலைக்கு வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

சான்றிதழ் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. வெப்ப ஒளிர்வுச் சோதனை, துளையிட்டு எடுத்த ஒரு சிட்டிகை மண் கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதையே சொல்லும். உடைந்த பழைய அடியைப் புதுத் தட்டில் ஒட்டி, அந்த அடியில் துளையிட்டால் சோதனை தேறிவிடும். மாதிரியை எடுத்தவர் யார், எந்த இடத்தில் எடுத்தார் என்று கேட்காமலே இந்தச் சந்தை அந்தத் தாளை ஏற்றுக்கொள்கிறது. நீங்களாவது கேளுங்கள், துளை தட்டில் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.

சமீபத்தில் சீனாவிலிருந்து கொண்டுவந்தது என்று தரகர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 1911க்கு முற்பட்ட கலைப்பொருள்களை அந்நாட்டிலிருந்து வெளியே கொண்டுசெல்லப் பொதுவாகத் தடை உள்ளது; அப்படியானால் தட்டு புதியது, அல்லது கடத்தி வந்தது. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் இருந்ததென்றால், அதை முன்பு வைத்திருந்தவரின் பழைய ரசீதைக் கேளுங்கள். அதைக் காட்டும்வரை பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.