காயிலில் பனி கட்டுகிறது, கேஸ் நிரப்பியும் குளிர் இறங்கவில்லை

கேள்வி: ஐயா, கிணத்துக்கடவு பக்கம் தோட்டத்தில் 10 டன் குளிர் அறை போட்டிருக்கிறேன். தக்காளியும் பீட்ரூட்டும் வைக்கிறேன். 4 டிகிரி செட் பண்ணியிருந்தும் பத்து நாளாக 11, 12-க்குக் கீழே இறங்கவில்லை. உள்ளே காயில் (குளிரூட்டும் குழாய்ச் சுருள்) முழுக்கப் பனி. மெக்கானிக் வந்து இரண்டு முறை கேஸ் நிரப்பினார். மூன்றாம் முறையும் நிரப்பச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கமுங்க. மூன்றாம் முறை நிரப்ப விடாதீர்கள். கேஸ் என்பது டீசல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது, எங்கேயும் கசியாதவரை பல வருஷத்துக்கும் அதே அளவுதான் இருக்கும். குறைந்தது என்றால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், ஓட்டையை அடைக்காமல் நிரப்புவது காசைக் காற்றில் விடுவதுதான். இன்னொன்று, குறையாத இடத்தில் கூடுதலாக நிரப்பினால் பிரஷர் ஏறி கம்ப்ரசர்தான் அடி வாங்கும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கிறது. காயில் முழுக்கப் பனி என்கிறீர்கள். கேஸ் குறைந்தால் பெரும்பாலும் காயிலுக்குள் குழாய் நுழைகிற பக்கம் மட்டும் பனி கட்டும், மீதி வெறுமனே இருக்கும். முழுக்க ஒரே மாதிரி மூடியிருந்தால் சந்தேகம் டீஃப்ராஸ்ட் (பனியை உருக்கும் ஏற்பாடு) மேலேயும் காற்றோட்டத்தின் மேலேயும்தான் போக வேண்டும். 4 டிகிரி அறையில் காயில் பூஜ்யத்துக்குக் கீழே ஓடும். காய்கறி விடுகிற ஈரம் அதில் படிந்து பனியாவது இயல்பு, அதை உருக்கத்தான் ஹீட்டரும் டைமரும். பனி தடித்துவிட்டால் காற்று காயிலுக்குள் நுழையாது, மெஷின் நாள் முழுக்க ஓடும், கரண்ட் பில் ஏறும், அறை மட்டும் குளிராது.

அதனால் முதலில் கம்ப்ரசரை நிறுத்தி, உள் ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கதவைத் திறந்து வைத்துப் பனி முழுக்க உருகட்டும். அவசரம் என்றால் ஃபேனையும் மெயினையும் ஆஃப் செய்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம். ஸ்க்ரூட்ரைவராலோ கத்தியாலோ குத்திப் பெயர்க்க வேண்டாம், குழாயில் ஒரு சின்னத் துளை விழுந்தாலும் மொத்த கேஸும் போய்விடும். உருகியதும் டீஃப்ராஸ்டைக் கையால் ஆன் செய்து, ஹீட்டர் வயரில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் எடுக்கவில்லை என்றால் ஹீட்டர் எரிந்திருக்கும், அல்லது டைமரோ கான்டாக்டர் சுவிட்சோ வேலை செய்யவில்லை. ஃபேன் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுகிறதா, டிரெயின் பைப்பில் தண்ணீர் தங்காமல் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். டிரெயின் அடைத்துக்கொண்டால் உருகிய தண்ணீரே மறுபடி பனியாகும். கதவு கேஸ்கெட் (ஓர ரப்பர்) கிழிந்திருந்தாலும் ஈரக்காற்று புகுந்து இதே கதைதான். கதவுக்கு நடுவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள், சுலபமாக உருவி வந்தால் அந்த இடம் பிடிக்கவில்லை.

இதெல்லாம் சரியாக இருந்து, சைட் கிளாஸில் (குழாய்க்குள் கேஸ் ஓடுவதைப் பார்க்கும் கண்ணாடி) மட்டும் விடாமல் குமிழி ஓடினால் அப்போது கசிவைத் தேடலாம். ஃப்ளேர் நட், வால்வு, பற்றவைத்த இடங்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், அங்கே சோப்பு நுரை வைத்துப் பார்க்கட்டும். ஓட்டையை அடைத்து, நைட்ரஜன் பிரஷர் ஏற்றிச் சோதித்து, வேக்கம் போட்ட (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த) பிறகே கேஸ். இந்த வரிசையில் எதையும் விட்டுவிடக் கூடாது, வேக்கம் போடாவிட்டால் உள்ளே தங்குகிற ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

வெளி யூனிட்டையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் பக்கம் தென்னை நார் மில் அதிகம், அந்தத் தூசு கன்டன்சர் தகடுகளில் அப்பிக்கொண்டால் சூடு வெளியேறாமல் எச்பி (ஹை பிரஷர்) சுவிட்ச் கட்டாகி மெஷின் அடிக்கடி நிற்கும். பவரை ஆஃப் செய்து, பிரஷில் தட்டிவிட்டு, உள்பக்கமிருந்து வெளியே மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். சித்திரை வெயிலில் மாதம் இரண்டு முறை செய்தாலும் தப்பில்லை. அப்புறம் கரண்ட். போர் மோட்டாருக்கு சிங்கிள் பேஸ் பிரிவென்டர் (ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துவது) போடாமல் யாரும் விடுவதில்லை, அதைவிட விலை கூடிய கம்ப்ரசருக்கு மட்டும் போடாமல் விட்டிருப்பதை நிறைய இடத்தில் பார்க்கிறேன். கரண்ட் போய் உடனே வந்தால் மூன்று நிமிடமாவது கழித்து ஸ்டார்ட் ஆகும்படி டிலே டைமரும் இருக்கட்டும்.

மத்தியான வெயிலில் பறித்த சரக்கை அப்படியே உள்ளே ஏற்றுகிறீர்களா? ஏற்றினால் எந்த மெஷினும் திணறும். விடியற்காலையில் பறித்து, நிழலில் ஆறவிட்டு ஏற்றுங்கள். பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல், காயில் முன்னால் மறைக்காமல் அடுக்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று. பீட்ரூட்டுக்கு 4 டிகிரி ஒத்துக்கொள்ளும், இன்னும் கொஞ்சம் குறைத்தாலும் நல்லதுதான். தக்காளிக்கு ஆகாது. 10 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்த பச்சை, செங்காய் தக்காளி பிறகு சரியாக நிறம் ஏறாது, குழி விழும், வெளியே எடுத்ததும் அழுகும். அதற்கு 12, 13 டிகிரிதான் சரி. இப்போது அறை 11, 12-ல் நிற்பதால் உங்கள் தக்காளி தப்பித்துக்கொண்டிருக்கிறது. ரிப்பேர் முடிந்து குளிர் 4-க்கு இறங்குவதற்கு முன்னால் தக்காளிப் பெட்டிகளை வெளியே எடுத்து சந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.