ஃபைனல், ஃபைனல்-2, நியூ ஃபைனல்: டிராயிங் திருத்தங்களை எப்படிக் கணக்கில் வைப்பது?

கேள்வி: ஆட்டோகேடில் கட்டட டிராயிங் போடும் சிறிய ஆபீஸ் எங்களுடையது. மாற்றம் வரும்போதெல்லாம் ஃபைனல், ஃபைனல்-2 என்று புதுப்பெயரில் சேவ் செய்கிறோம். பழைய பிரின்டைப் பார்த்து சைட்டில் பீமுக்கு ஷட்டரிங் அடித்துவிட்டார்கள். திருத்தங்களையும் நோட்ஸையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள என்ன வழி?

பதில்: முதலில், வேலை நடக்கும் ஃபைலின் பெயரை மாற்றுவதை நிறுத்துங்கள். எக்ஸ்ரெஃப் (ஒரு டிராயிங்கை இன்னொன்றுக்குள் இணைத்துக் காட்டும் வசதி) பெயரையும் பாதையையும் வைத்துத்தான் ஃபைலைத் தேடும். ஆர்க்கிடெக்ட் பிளானை ஸ்ட்ரக்சர் ஷீட்டில் இணைத்துவிட்டு, பிளானை வேறு பெயரில் சேவ் செய்தால் ஷீட் பழைய பிளானையே காட்டிக்கொண்டிருக்கும். பழைய ஃபைல் அதே இடத்தில் இருப்பதால் எச்சரிக்கைகூட வராது.

பெயர் எஸ்-103 என்றால் கடைசிவரை எஸ்-103தான். டிராயிங் வெளியே போகும் ஒவ்வொரு முறையும் இ-டிரான்ஸ்மிட் கட்டளையால் எக்ஸ்ரெஃப், பிளாட் ஸ்டைல் (பிரின்டில் கோட்டின் தடிமன், நிறம் சொல்லும் ஃபைல்) எல்லாம் சேர்த்து ஒரு ஜிப் எடுங்கள். அதையும் பிடிஎஃப்பையும் ‘எஸ்-103 ஆர்2’ என்ற ஃபோல்டரில் போட்டு, யாரும் திருத்த முடியாதபடி ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள்.

ரிவிஷன் எண் ஏறுவதும் அப்போது மட்டும்தான். ஆபீஸுக்குள் பத்து முறை திருத்தினாலும் அது ஒரே ரிவிஷன்; ஒரு கோடு மாறி சைட்டுக்குப் போனாலும் புது ரிவிஷன். ஒப்புதல் கிடைக்கும்வரை ஏ, பி, சி. கட்டுமானத்துக்கு வெளியிட்டபின் ஆர்0, ஆர்1 என்பது நம் ஊரில் பரவலான வழக்கம். எழுத்து பயன்படுத்தினால் ஐ, ஓ இரண்டையும் தவிருங்கள். 1, 0 என்று படித்துவிடுவார்கள்.

டைட்டில் பிளாக்குக்கு மேலே உள்ள ரிவிஷன் அட்டவணையில் ‘கிளையன்ட் கேட்டபடி திருத்தப்பட்டது’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். இப்படி இருக்கட்டும்:

ஆர்2 | 14.08.2025 | பி-12 பீம் ஆழம் 450 → 600, கிரிட் 3–4 | வரைந்தவர் | சரிபார்த்தவர்

மாறிய இடத்தைச் சுற்றி ரெவ்கிளவுட் (மேக வடிவக் கோடு), பக்கத்தில் ‘2’ என்று எழுதிய முக்கோணம். கிளவுடை லேஅவுட்டில் (பிரின்ட் ஆகும் தாள் பக்கம்) போடுவதே என் பரிந்துரை. வளைவு 5 முதல் 8 மி.மீ. வைத்தால் போதும், மாடல் ஸ்பேஸில் (நிஜ அளவில் வரையும் இடம்) 1:100 அளவுக்கு அதையே 500 முதல் 800 என்று கணக்கிட வேண்டியிருக்கும். ஆனால் வியூபோர்ட்டை (தாளில் மாடலைக் காட்டும் சன்னல்) லாக் செய்யுங்கள். இல்லையென்றால் உள்ளே யாராவது ஜூம் செய்ததும் கிளவுட் ஒரு பக்கம், பீம் ஒரு பக்கம். ரிவிஷனுக்கு ஒரு லேயர் என்று வைத்து, ஆர்3 வெளியாகும்போது ஆர்2 கிளவுட் லேயரை ஃப்ரீஸ் செய்யுங்கள். முக்கோணங்களைத் தனி லேயரில் விட்டுவையுங்கள். பழைய கிளவுடும் சேர்ந்து தெரிந்தால் இப்போது எது மாறியது என்று கான்ட்ராக்டருக்குப் புரியாது.

நோட்ஸில் பெரும்பாலான குழப்பம் எம்-டெக்ஸ்டின் (பல வரி எழுத்து) தானியங்கி எண்ணிடலால் வருகிறது. நாலாவது குறிப்பை நீக்கினால் ஐந்தாவது நான்காகிவிடும். டீட்டெய்லில் ‘குறிப்பு 7 பார்க்க’ என்றிருப்பது வேறொன்றைக் காட்டும். தானியங்கி எண்ணிடலை அணைத்துவிட்டு எண்ணைக் கையால் அடியுங்கள். நீக்கியதை ‘4. நீக்கப்பட்டது – ஆர்2’ என்று இடத்திலேயே விடுங்கள். புதிய குறிப்பு எப்போதும் கடைசியில்.

வெளியிடும் முன் கம்பேர் கட்டளையை ஓட்டுங்கள்; ஆட்டோகேட் 2019 முதல் இருக்கிறது. இன்றைய ஃபைலைத் திறந்து, முந்தைய ரிவிஷன் ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் புதிதாக வந்தது பச்சை, போனது சிவப்பு, மாறாதது சாம்பல் (2020 முதல் உள்ள பதிப்புகளின் இயல்பு நிறங்கள்). டெக்ஸ்ட், ஹேட்ச் இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு, ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். கிளவுட் இல்லாத இடத்தில் பச்சையோ சிவப்போ தெரிந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பீமைத் தொடாமல் டைமென்ஷன் எழுத்தை மட்டும் 600 என்று அடித்துவைக்கும் வேலையும் இதில்தான் மாட்டும்: எழுத்து மாறியிருக்கும், பீம் கோடு சாம்பலாகவே இருக்கும்.

சைட்டில் நடந்த தவறுக்கு ஆட்டோகேடில் மருந்து இல்லை. எந்த ஷீட், எந்த ரிவிஷன், எத்தனை பிரதி, யார் வாங்கினார், தேதி, கையெழுத்து என்று ஒரு ரெஜிஸ்டர் போடுங்கள். ஆர்2 கொடுக்கும்போதே ஆர்1 பிரின்ட்களைத் திரும்ப வாங்குங்கள்; வாங்க முடியாததன் மேல் ‘ரத்து’ முத்திரை குத்திவிட்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் போன பழைய பிடிஎஃப்பைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், ஆர்1 ரத்து என்ற செய்தியை ஆர்2 பிடிஎஃப்போடு சேர்த்தே அதே குழுவில் அனுப்புங்கள்.