பஸ் எத்தனை மணிக்குத் திரும்பும்?

கேள்வி: என் மகள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு படிவம் ஒன்று. தோட்டத்திலிருந்து நாலு கிலோமீட்டரில் ஓர் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழக்கமாக அங்கேதான் இடம் கிடைக்கும். ஆனால் அங்கே இந்தியப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் இல்லை; தமிழ் வகுப்பும் நடப்பதில்லையாம். 22 கிலோமீட்டர் தள்ளி டவுனில் பேர்பெற்ற பள்ளி ஒன்று. "எப்பாடு பட்டாவது டவுனில் போடு, இங்கே போட்டால் பிள்ளை கெட்டுவிடும்" என்கிறார் என் நாத்தனார். கணவர் செம்பனை லோரி ஓட்டுகிறார், விடியும் முன்னே கிளம்பிவிடுவார். ஆக, பள்ளி பஸ்தான் வழி. மகளுக்குத் தமிழும் கணிதமும் நன்றாக வரும், மலாய்மொழி சுமார், பள்ளி மதிப்பீட்டில் டிபி 3, அதாவது மூன்றாம் அடைவுநிலை. எங்கே சேர்ப்பது? தமிழை விடவும் மனமில்லை.
— ஒரு தாய், ஹீலிர் பேராக்

பதில்: சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பக்கத்துப் பள்ளிதான் சரி. ஆனால் தமிழ் வகுப்பு வந்தாக வேண்டும். அதை வரவைக்கும் வழி உங்கள் கையிலேயே இருக்கிறது.

டவுன் பள்ளி என்றதும் எல்லாரும் படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். தேர்வு முடிவைப் பேசுவார்கள். முதலில் பஸ்ஸைப் பார்ப்போம். 22 கிலோமீட்டர் காரில் அரை மணி நேரம். பள்ளி பஸ் அப்படிப் போகாது. நாலைந்து தோட்டத்தையும் இரண்டு கம்பத்தையும் சுற்றி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் பிடிக்கும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 190 பள்ளி நாள் என்றால் போக வர 440 மணி நேரத்துக்கு மேல். பக்கத்துப் பள்ளிக்கு ஒரு வழி கால் மணி நேரம் என்றால் ஆண்டு முழுக்க 95 மணி நேரம். மீதி ஏறக்குறைய 350 மணி நேரமும் உங்கள் மகள் தூங்க வேண்டிய, பாடம் செய்ய வேண்டிய நேரம்.

இதோடு முடியவில்லை. பெரிய டவுன் பள்ளிகள் பலவற்றில் வகுப்பறை போதாமல் இரண்டு நேரப் பள்ளி நடக்கிறது. அப்படியென்றால் படிவம் ஒன்றும் இரண்டும் பெரும்பாலும் மத்தியானப் பள்ளிதான். மதியம் ஒரு மணி வாக்கில் தொடங்கி மாலை ஆறரை வாக்கில் முடியும். மகள் வீட்டுக்கு வந்து சேர ஏழே முக்கால் ஆகிவிடும். புறப்பாட நடவடிக்கை காலையில் வைத்தால் அந்த நேரத்துக்குத் தோட்டத்துப் பக்கம் பஸ் வராது. கழகத்திலும் விளையாட்டிலும் சேராமலேயே இரண்டு வருஷம் ஓடிவிடும். பஸ்காரரிடம் நாலு விஷயம் கேளுங்கள்: முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு ஏற்றுகிறார், கடைசிப் பிள்ளையை எத்தனை மணிக்கு இறக்குகிறார், புறப்பாட நாளில் இரண்டாவது நடை வருவாரா, பள்ளி விடுமுறை மாதத்துக்கும் காசு உண்டா. முடிந்தால் ஒருநாள் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே மோட்டாரில் போய் வாருங்கள். பாடநூல் இரவலும் அரசாங்கத்தின் 150 வெள்ளி உதவித்தொகையும் இரண்டு பள்ளியிலும் ஒன்றுதான். செலவைக் கூட்டுவது பஸ்தான்.

தமிழும் இந்த பஸ்ஸில்தான் மாட்டிக்கொள்கிறது. டவுன் பள்ளியில் "தமிழ் இருக்கிறது" என்று சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எப்போது இருக்கிறது என்று கேளுங்கள். பல இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் வகுப்பு கடைசி மணி அடித்த பிறகு, அல்லது சனிக்கிழமை நடக்கிறது. டவுனிலேயே குடியிருக்கும் பிள்ளை இருந்து படித்துவிட்டுப் போகும். தோட்டத்துப் பிள்ளைக்கு மணி அடித்ததும் பஸ் வாசலில் நிற்கும். முதல் மாதம் இரண்டு தரம் பஸ்ஸை விட்டுவிட்டு யாராவது வந்து ஏற்றிப் போவார்கள், பிறகு "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆகிவிடும். படிவம் மூன்றில் அந்தப் பிள்ளை தமிழை விட்டிருக்கும். மனம் இல்லாமல் விட்டதில்லை, வண்டி இல்லாமல் விட்டது.

ஆகவே படிவம் ஒன்றின் கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டங்களுக்கு நடுவே பி.டி. (பஹாசா தமிழ், அதாவது தமிழ்மொழி) என்ற எழுத்து இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுங்கள். திங்கள் முதல் வெள்ளிவரை உள்ள கட்டத்துக்குள் இருந்தால் அது நிலைக்கும். கட்டத்துக்கு வெளியே ஓரத்தில் எழுதியிருந்தால் உங்கள் மகளைப் பொறுத்தவரை தமிழ் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து இரண்டு கேள்வி. தமிழைச் சொல்லிக்கொடுப்பவர் தமிழ்மொழிக்கென்றே நியமிக்கப்பட்ட நிரந்தர ஆசிரியரா? படிவம் மூன்றில் தமிழ் படித்தவர்களில் எத்தனை பேர் எஸ்.பி.எம்.மில் தமிழ் எழுதினார்கள்? இருபது பேர் படித்து நாலு பேர்தான் எழுதினார்கள் என்றால் இடையில் யாரோ பிள்ளைகளைத் தமிழிலிருந்து திருப்பிவிடுகிறார்கள் என்று அர்த்தம்.

பக்கத்துப் பள்ளிக்கு வருவோம். 1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டம், ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ்மொழி கற்பிக்க வசதி செய்து தர வேண்டும் என்கிறது. 15 பேர் என்பது பள்ளி முழுக்க. ஒரே வகுப்பில் 15 பேர் வேண்டும் என்று நினைத்துத்தான் பல தோட்டங்களில் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் கணக்கில் அங்கே முப்பது பேர் வரை இருக்கிறார்கள். படிவம் ஒன்று, படிவம் நாலு என்று பிரிக்காமல் எல்லா வீட்டுக் கதவையும் தட்டுங்கள். 15 கையெழுத்தோடு நிற்காமல் இருபது கையெழுத்தாவது வாங்குங்கள். ஒருவர் மாற்றலாகிப் போவார், ஒருவர் பின்வாங்குவார், எண்ணிக்கை 14-க்கு இறங்கினால் முழு வேலையும் வீணாகும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கம் போதும். பெற்றோர் பெயர், அடையாள அட்டை எண், பிள்ளையின் பெயர், வகுப்பு, கையெழுத்து என்று அட்டவணை போட்டு இணையுங்கள். "கால அட்டவணைக்குள்" என்ற வார்த்தையைக் கடிதத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் பள்ளி முடிந்த பிறகு ஒரு மணி நேரம் என்று கொடுத்து முடித்துவிடுவார்கள். அசலைப் பள்ளி முதல்வரிடம் கொடுங்கள், நகலை மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள், இன்னொரு நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு சாப்பு (முத்திரை) குத்தி வாங்கி வீட்டில் வையுங்கள். சாப்பு இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம் மாதிரி. புதிய ஆண்டின் அட்டவணை தயாராகும் முன்பே, இந்த ஆண்டின் கடைசிப் பருவத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அட்டவணை அச்சாகிவிட்டால் ஓராண்டு தள்ளிப்போகும். "ஆசிரியர் இல்லை" என்று பதில் வந்தால், தமிழாசிரியர் கேட்டு இலாகாவுக்குப் பள்ளி விண்ணப்பித்திருக்கிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். வாய்ப் பேச்சில் விடாதீர்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் உங்களில் ஒருவர் இருந்தால் இந்த வேலை பாதியாகக் குறையும்.

மகளின் மலாய்மொழிதான் எனக்குப் பெரிய கவலை, எந்தப் பள்ளியில் போட்டாலும். டிபி 3 என்பது குறைந்தபட்ச அடைவுநிலை. அதற்குக் கீழே இருக்கும் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளைத்தான் படிவம் ஒன்றுக்கு முன் புதுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வைப்பார்கள். உங்கள் மகள் தப்பித்தாள், ஆனால் ஓரத்தில் நின்று தப்பித்திருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்த கணிதமும் அறிவியலும் இனி மலாயில் வரும். கணக்கு தெரிந்த பிள்ளை கேள்வி புரியாமல் தோற்கும். முதல் சோதனையில் 38 புள்ளி வரும், "எனக்குக் கணக்கு வராது" என்று அதுவே முடிவு கட்டிக்கொள்ளும். இதற்கு மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் மலாய்: பின்னம் – பெச்சாஹான், பரப்பளவு – லுவாஸ், கோணம் – சூடுட், விசை – டாயா, அடர்த்தி – கெத்தும்பாத்தான். ஒருநாளைக்கு ஐந்து சொல் போதும். மூன்று மாதத்தில் 400 சொல்லைத் தாண்டும், படிவம் ஒன்றின் பாடநூலைத் திறந்து படிக்க அது தாராளம். டவுன் பள்ளியைப் பார்க்கப் போனால் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் உண்டா என்றும் கேளுங்கள். 2016-இல் தொடங்கிய திட்டம் அது. அந்த வகுப்பில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் நடக்கும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையைப் பெருமைக்காக அதில் சேர்த்துவிடாதீர்கள்.

இப்போது முடிவுகள். பள்ளிகள் ஜி.பி.எஸ். என்று ஓர் எண் சொல்லும், பள்ளியின் சராசரித் தரம் அது. குறைய இருந்தால்தான் நல்லது. பல பெற்றோர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏ பிளஸுக்கு 0, ஏ-க்கு 1 என்று போய், சி-க்கு 6, தேர்ச்சி பெறாத ஜி-க்கு 9. ஆக 4.2-க்கும் 5.2-க்கும் உள்ள வித்தியாசம், சராசரியாக ஒவ்வொரு பாடத்திலும் ஒரு படி. பெரிதுதான். ஆனால் டவுன் பள்ளிக்கு வந்து சேரும் பிள்ளைகளே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் என்றால் அந்த எண்ணில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று சொல்ல முடியாது. வேறு இரண்டு கேள்வி இதைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கும். படிவம் நாலில் இருந்தவர்களில் எத்தனை பேர் எஸ்.பி.எம். எழுதினார்கள்? எழுதியவர்களில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது? மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் மற்றதில் என்ன எடுத்தாலும் சான்றிதழ் இல்லை.

வகுப்பு பிரிக்கும் முறையையும் கேட்டுவிடுங்கள். புள்ளிப்படி பிரிக்கும் பெரிய பள்ளியில் டிபி 3 பிள்ளை எட்டாவது, ஒன்பதாவது வகுப்பில் போய் விழலாம். பேர்பெற்ற பள்ளியின் கடைசி வகுப்புக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தம் குறைவு. சிறிய பள்ளியில் மூன்றே வகுப்பு என்றால் உங்கள் மகளின் கணிதம் யார் கண்ணிலாவது படும்.

நாத்தனார் சொல்லும் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. இரண்டு பள்ளிக்கும் பள்ளி விடும் நேரத்தில் போய் இருபது நிமிடம் வாசலில் நில்லுங்கள். கட்டொழுங்கு ஆசிரியர் கேட்டருகே நிற்கிறாரா, சீருடை இல்லாத பையன்கள் மோட்டாரோடு காத்திருக்கிறார்களா, பஸ் வரும்வரை பிள்ளைகள் பள்ளிக்குள் உட்கார்கிறார்களா, ரோட்டோரக் கடையிலா? பெண்கள் கழிப்பறையை ஒருமுறை பாருங்கள். கதவுக்குத் தாழ் இல்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டுவார்கள்.

இன்னொன்று: இப்போது நீங்கள் ஐந்து வருஷத்துக்கு முடிவு எடுக்கவில்லை, மூன்று வருஷத்துக்குத்தான். படிவம் நாலில் பாடத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கதவு மறுபடி திறக்கும். பக்கத்துப் பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயர்நிலைக் கணிதம் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். சிறிய பள்ளிகளில் ஆள் சேராமல் அந்த வகுப்பு திறக்காமல் போவதுண்டு. அப்படியானால் பதினாறு வயதில் டவுனுக்கு மாற்றலாம். அந்த வயதில் அவளுக்குக் காலைப் பள்ளி, பஸ்ஸைச் சமாளிக்கும் தெம்பும் இருக்கும். தொழிற்கல்விக் கல்லூரிக்கும் படிவம் நாலில்தான் போவார்கள். முழு விடுதிப் பள்ளி தனிக் கதை, அதற்கு பி.கே.எஸ்.கே. தேர்வு எழுத வேண்டும். உங்கள் கேள்வி அதுவல்ல.

"அறிவியல் எடுத்தால் தமிழ் எடுக்க முடியாது" என்று அப்போது யாராவது சொல்வார்கள். எண்ணிக் காட்டுங்கள். மலாய்மொழி, ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம் ஐந்து. உயர்நிலைக் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கு. பத்தாவதாகத் தமிழ். பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷனில் (பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்பில்) இடம் என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்ததை நினைத்துப் பாருங்கள். தமிழை விட்டால் அந்தப் பத்தாவதை எங்கே தேடுவாள்? தமிழாசிரியர் பயிற்சிக்குப் போகவும் எஸ்.பி.எம். தமிழ் வேண்டும்.

எப்போது என் முடிவை மாற்றிக்கொள்வேன்? டவுன் பள்ளி படிவம் ஒன்றையே காலையில் நடத்தி, தமிழ் கட்டத்துக்குள் இருந்து, பாட்டி வீடோ சித்தி வீடோ டவுனில் இருந்து வாரநாளில் தங்க முடியும் என்றால் டவுனுக்கே அனுப்புங்கள். அல்லது பக்கத்துப் பள்ளியில் 15 கையெழுத்து சேரவே சேராது என்று தெரிந்தால் டவுனையும் யோசிக்கலாம், அங்கே தமிழ் கட்டத்துக்குள் இருந்தால் மட்டும்.

அப்படி டவுனுக்கு முயல்வதானால், இட ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த அன்றே மாவட்டக் கல்வி இலாகாவில் மேல்முறையீட்டுக்கு என்ன வழி, கடைசி நாள் எது என்று கேளுங்கள். பிறப்புப் பத்திரம், மகளின் மைக்கார்டு, ஆறாம் ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, வீட்டு முகவரிக்கு மின்சார பில் அல்லது தோட்ட நிர்வாகத்தின் கடிதம், இவற்றின் நகல்களைத் தயாராக வைத்திருங்கள். அக்காளோ அண்ணனோ அதே பள்ளியில் படித்தால் அது வலுவான காரணம். "நல்ல பள்ளி" என்று எழுதுவது காரணமாகாது, ஏனென்றால் எல்லாரும் அதையே எழுதுவார்கள். எதைச் செய்தாலும், கொடுத்த பள்ளியில் முதல் நாளே பதிந்துவிடுங்கள். முறையீட்டுக்குப் பதில் வரும்வரை பிள்ளையை வீட்டில் வைத்திருந்து, இரண்டாம் மாதத்தில் எந்தப் பள்ளியிலும் பெயர் இல்லாமல் நிற்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.