பாவனையாளர் கேள்வி-பதில்: மீற்றர் கத்துது, படம் வரேல்லை

மாரி மழையும் காற்றும் அடித்த கையோடு டிஷ் பற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. தண்ணீர் மோட்டரும் மிக்சியும் கேட்டு எழுதியவர்கள் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்கு டிஷ் திரும்பிவிட்டது. ஊசி வைத்த சின்ன சிக்னல் மீற்றர் ஒன்று வாங்கினேன். மேற்கே திருப்பினால் ஊசி கடைசிக்கு ஏறி நின்று கத்துகிறது, ரீவியில் படம் இல்லை. மீற்றர் பழுதா? (கொக்குவில்)

பழுதில்லை. எல்.என்.பி.யில் (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி நிற்கும், சிக்னலை வாங்கும் தலை) இருந்து வயரில் இறங்கும் 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் மொத்தமாக எவ்வளவு சக்தி வருகிறது என்பதைத்தான் அந்த ஊசி காட்டும். எந்தச் செய்மதியிலிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியாது. பக்கத்துச் செய்மதிக்கும் கத்தும், சில நேரம் சுடு சுவருக்கும் கொஞ்சம் ஏறும். இதைக் கடையில் உங்களுக்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பெட்டி (ரிசீவர்) டயலொக் ரீவி என்று எழுதியிருக்கிறீர்கள். அது கிழக்கு நெடுங்கோடு 45 பாகைக்கு மேலே நிற்கும் செய்மதி. யாழ்ப்பாணத்தில் நின்று பார்த்தால் நேர் மேற்கில் இருந்து கொஞ்சம் தெற்கே, திசைகாட்டியில் 256 பாகையை அண்டி, தரையில் இருந்து சுமார் 48 பாகை உயரத்தில் இருக்கும். போனில் உள்ள திசைகாட்டியை இரும்புக் கம்பத்தோடு ஒட்டி வைத்துப் பார்க்காதீர்கள். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

முதலில் கம்பம் நேரா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கம்பம் சரிந்திருந்தால் டிஷ்ஷின் பின்னால் உள்ள பாகைக் குறி பொய் சொல்லும். பிறகு எல்.என்.பி. வயரை மீற்றரின் எல்.என்.பி. பக்கத்திலும், ரிசீவர் வயரை மற்றப் பக்கத்திலும் பூட்டி, ரிசீவரைப் போடுங்கள். அந்த மீற்றருக்கு மின் ரிசீவரில் இருந்துதான் வரும். ஊசி கடைசிக்குப் போய் நின்றால் மீற்றரில் உள்ள குமிழைக் குறைத்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். நீங்கள் செய்யாமல் விட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் டிஷ்ஷை மெல்ல அசையுங்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அளவுதான், வீசித் திருப்பினால் தாண்டிப் போய்விடும். ஊசி ஏற ஏறக் குமிழைக் குறையுங்கள்.

அதோடு ஊசியின் வேலை முடிந்தது. மிச்சம் ரிசீவரின் சிக்னல் பக்கத்தில். அங்கே இரண்டு கோடு இருக்கும். 'குவாலிட்டி' என்ற கோட்டை மட்டும் பாருங்கள். வீட்டுக்குள் ஒருவரை ரீவிக்கு முன்னால் இருத்தி, வீடியோ கோலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். அது ஏறவே இல்லையென்றால் நீங்கள் பிடித்தது வேறு செய்மதியாக இருக்கலாம், அல்லது எல்.என்.பி.யின் திருகல் பிழையாக இருக்கலாம். ஏறினால் எல்.என்.பி.யைப் பிடியில் தளர்த்தி இடமும் வலமும் திருகி, ஆகக் கூடிய இடத்தில் இறுக்குங்கள். நாங்கள் நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம், செய்மதியோ மேற்கே தூரத்தில். அதனால் இங்கே எல்.என்.பி. நன்றாகவே திருகி நிற்கும். எந்த ஊரிலோ எடுத்த வீடியோவைப் பார்த்து நேராக வைத்தால் ஊசிக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, படம்தான் வராது.

போனில் ஆப் போட்டால் மீற்றர் தேவையில்லை என்கிறார்கள். உண்மையா? (நல்லூர்)

ஆப் திசையைக் காட்டும். சிக்னலைக் காட்டாது.

டிஷ்ஷடியில் மீற்றர் நன்றாகக் காட்டுகிறது. வீட்டுக்குள் பாதிச் சனல்கள் இல்லை. வயர் 40 மீற்றர், இடையில் இரண்டு மூட்டு. பூட்ட வந்த தம்பி ரிசீவரை மாற்றச் சொல்கிறார். (சாவகச்சேரி)

ரிசீவரைத் தொடாதீர்கள். முதலில் ஒரு காந்தம் தேடுங்கள்.

ரிசீவர் அந்த வயர் வழியாகவே எல்.என்.பி.க்கு மின்னும் அனுப்புகிறது. 13 வோல்ற் என்றால் ஒரு பாதிச் சனல்கள், 18 வோல்ற் என்றால் மறுபாதி. 18 போய்ச் சேரும்போது நன்றாகக் குறைந்துவிட்டால் எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும், பாதிச் சனல் போய்விடும். உங்கள் கதை அப்படித்தான் தெரிகிறது.

வயரின் நடுக்கம்பியைக் கொஞ்சம் உரித்துக் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. எங்கள் கடைகளில் 'சுத்தச் செம்பு' என்று சொல்லி விற்பதில் எத்தனை சுருள் இந்தக் காந்தத்துக்குத் தப்பும்? என் தலையிலும் ஒரு முழுச் சுருளைக் கட்டினார்கள். திருப்பிக் கொண்டுபோனபோது "எல்லாரும் இதைத்தான் அண்ணை கொண்டுபோறாங்கள்" என்ற பதில்தான் கிடைத்தது. நியாயத்தையும் சொல்லவேண்டும்: செய்மதிச் சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், அதற்குச் செம்புப் பூச்சுப் போதும். இரும்பு என்று சொல்லி இரும்பு விலைக்கு விற்றால் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் மின் முழுக்கம்பியாலும் ஓடும், இரும்பு அதை அவ்வளவு நன்றாகக் கடத்தாது. அதிலும் உப்புக்காற்று உள்ள ஊரில், வெட்டிய முனையில் துரு பிடித்து மூட்டு கெடும். வாங்கும்போதே காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கடைக்காரர் முகம் கோணினால் கோணட்டும்.

உங்களுக்கு: இரண்டு மூட்டையும் எடுத்துவிட்டு, ஒரே துண்டாக நல்ல செம்பு வயர் இழுங்கள். அதற்குப் பிறகும் வராவிட்டால் ரிசீவரைப் பற்றிப் பேசுவோம்.

செப்டெம்பர் கடைசியில் சில நாட்கள் பின்னேரம் மூன்று மணிபோல் ஐந்தாறு நிமிடம் படம் உடைந்தது. டிஷ் சரிந்துவிட்டதா? (மானிப்பாய்)

இல்லை. அந்த நாட்களில் சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வரும். மார்ச்சிலும் வரும். எழும்பித் தேத்தண்ணி போடுங்கள்.

முகநூலில் பார்த்து 18,000 ரூபாவை முன்கூட்டியே வங்கியில் போட்டு டிஜிற்றல் மீற்றர் எடுத்தேன். எச்.டி. சனல் ஒன்றையும் பிடிக்கவில்லை. படம் இணைத்துள்ளேன். (வல்வெட்டித்துறை)

நீங்கள் அனுப்பிய படத்திலேயே பெட்டியில் 'டி.வி.பி.-எஸ்' என்று மட்டும் இருக்கிறது. அது செய்மதி ஒளிபரப்பின் பழைய முறை. எச்.டி. சனல்கள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்த எஸ்-2 முறையில் வருகின்றன. எஸ்-2 படிக்காத மீற்றர் அவற்றைப் பிடிக்காது. காசு போடமுதல் பெட்டியைப் படித்திருக்கலாம். அதுபோக, வீட்டில் இருப்பது ஒரு டிஷ். அதற்கு இவ்வளவு விலையில் மீற்றர் எதற்கு? விளம்பரத்தில் 'எஸ்-2' என்று எழுதியிருந்தால் அதைப் படம் பிடித்து வையுங்கள், கேட்க வழி இருக்கிறது. எழுதவில்லையென்றால் என்னிடமும் வழி இல்லை.

தனியாக இருக்கிறேன். பெருமழையில் படம் நின்றது. பூட்டுகிறவர் ஒருவர் வந்து மீற்றரைக் கத்தவிட்டு, எல்.என்.பி. போய்விட்டது என்று மாற்றி 9,500 ரூபா வாங்கினார். பழையதையும் கொண்டுபோய்விட்டார். இப்போதும் மழைக்குப் படம் நிற்கிறது. (பருத்தித்துறை)

அம்மா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. செய்மதியில் இருந்து டிஷ்ஷுக்கு வரும் அலையைப் பெருமழை மறைக்கும். மழை விட்டதும் படம் தானாக வந்திருந்தால் எல்.என்.பி. போகவில்லை. டிஷ் கொஞ்சம் விலகியிருந்தால் சின்னத் தூறலுக்கே நிற்கும், அதைத் திருப்பி இறுக்குவதுதான் வேலை. டிஷ் எவ்வளவு சரியாக நின்றாலும் கொட்டுகிற மழைக்குச் சிலநேரம் நிற்கும்.

அவரைக் கூப்பிட்டுப் பழைய எல்.என்.பி.யைத் திருப்பிக் கேளுங்கள், பற்றுச்சீட்டும் கேளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள், முறைப்பாட்டை எழுத்திலும் கொடுங்கள். வேலை செய்த நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், பொங்கல் முடியட்டும் என்று விடாதீர்கள். எழுத உதவி வேண்டுமானால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

பாவித்த மீற்றர் வாங்கலாமா? ஊரில் நாலைந்து வீட்டுக்குப் பூட்டிக் கொடுக்கிறேன். (காரைநகர்)

உங்களுக்கு மீற்றர் தேவைதான், ஊசி மீற்றர் வேண்டாம். எஸ்-2 படிக்கும் டிஜிற்றல் ஒன்று பாருங்கள். பாவித்தது என்றால் பற்றறி முழுதாகச் சார்ஜ் ஆனபிறகு எல்.என்.பி.யைப் பூட்டி, விற்பவரின் வீட்டிலேயே அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். எல்.என்.பி.க்கு மின் கொடுக்கும்போதுதான் கிழட்டுப் பற்றறி படுக்கும். வயர் திருகும் வாயில் புரி தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் எடுக்காதீர்கள்.