பல்லில் பழுப்புக் கோடு: போர் தண்ணீரைக் காய்ச்சினால் ஃப்ளோரைடு போகுமா?

கேள்வி: தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம் எங்கள் கிராமம். என் 7 வயது மகளுக்குப் பால் பல் விழுந்து முளைத்த முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடுமாக இருக்கிறது. பள்ளியில் கிண்டல் செய்கிறார்கள் என்று அழுகிறாள். வீட்டு போர் 700 அடி. அந்தத் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டித்தான் குடிக்கிறோம். மாமியாருக்கு 60 வயது, கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொண்டு குனியவே முடியவில்லை. 4 மாதக் கைக்குழந்தை ஒன்றும் இருக்கிறது. என் பால் போதவில்லை என்று பவுடர் பாலும் கொடுக்கிறோம். ஆர்.ஓ. மெஷின் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: மகளின் பல்லைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முதல் கவலை, கடைசியில் சொன்ன கைக்குழந்தைதான். பவுடர் பாலை இன்றிலிருந்து போர் தண்ணீரில் கலக்காதீர்கள்; அதில் ஃப்ளோரைடு என்ற தாது கூடுதலாக இருக்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, தாய்ப்பால் உண்மையிலேயே போதவில்லையா என்று உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் ஒருமுறை காட்டிக் கேட்பது. குழந்தைக்கு வாய் வைக்கும் நிலையைச் சரிசெய்து, அடிக்கடி பால் கொடுத்தாலே பெரும்பாலான தாய்மார்களுக்குப் பால் பெருகிவிடும். தாய் குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு கூடுதலாக இருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகத்தான் இறங்கும். உங்கள் வீட்டில் குழந்தைக்கு இதைவிடப் பாதுகாப்பான உணவு இல்லை.

ஏன் இந்த அவசரம் என்றால், நிரந்தரப் பல் ஈறுக்கு வெளியே வருவதற்குப் பல வருடம் முன்பே தாடைக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. மேல் முன்பற்களின் எனாமல் பிறந்த சில மாதங்களில் தொடங்கி 3, 4 வயதுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தக் காலத்தில் உடம்பில் ஃப்ளோரைடு மிகுந்தால் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. முளைக்கும்போது சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியும்; பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிப் பழுப்பாகும். உங்கள் மகளின் பல்லில் இன்று தெரிவது, அவள் தவழ்ந்து நடந்த வயதில் குடித்த தண்ணீரின் தடம். கைக்குழந்தை அந்த வயதில் இப்போதுதான் காலடி வைக்கிறது. இதன் பற்களை முழுதாகக் காப்பாற்ற முடியும்.

மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து நன்றாகப் பாருங்கள். கோடுகள் ஈறுக்கு இணையாகக் குறுக்கே ஓடுகின்றனவா? இடப்பக்கப் பல்லில் இருப்பது வலப்பக்கத்தில் அதே பல்லிலும் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது ஃப்ளோரோசிஸாக, அதாவது ஃப்ளோரைடு மிகுந்ததால் வரும் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சரியாகத் துலக்காததால் வரும் கறை ஈறோரத்திலும் பல்லிடுக்கிலும் படியும். சொத்தை ஒரு பல்லில் வந்தால் ஜோடிப் பல்லிலும் வரவேண்டும் என்பதில்லை. இதை அவளுடைய வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள். பல் துலக்காத பிள்ளை என்று யாரும் அவளைச் சொல்லக் கூடாது. அந்தப் பேச்சு பல்லைவிட அதிகமாகக் குழந்தையை வாட்டும்.

கறையை எடுக்க உப்பு, கரி, செங்கல் பொடி என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே பலவீனமான எனாமல் அது, இன்னும் தேயும். பல் மருத்துவரிடம் மேலோட்டமாகச் சுரண்டி மெருகேற்றும் முறை உண்டு, பல் நிறத்துப் பூச்சு உண்டு. பல்லின் முகப்பில் ஓடு ஒட்டும் சிகிச்சையைப் பதின்வயது கடந்து யோசிக்கலாம், இப்போது வேண்டாம். அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே முதலில் காட்டுங்கள். ஃப்ளோரைடு உள்ள பற்பசையைப் பட்டாணி அளவுக்கு மேல் வைக்காதீர்கள், விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

இனி தண்ணீர். ஃப்ளோரைடு கிருமி அல்ல, கரைந்திருக்கும் தாது. காய்ச்சினால் தண்ணீர் ஆவியாகும், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். உப்புப் போட்ட ரசம் சுண்டச் சுண்டக் கரிப்பதுபோல, கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவது, மெழுகுவர்த்தி வடிவ ஃபில்டர், புற ஊதா விளக்கு வைத்த கருவி, இவை எதிலும் அது நிற்காது. நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் என்று நம்பித்தான் நம் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து வந்திருக்கின்றன.

எந்தத் தொழிற்சாலையும் கலக்காமல், நிலமே தரும் கேடு இது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தின் அடியில் கிரானைட், நைஸ் போன்ற கடினப்பாறைகள். அவற்றிலுள்ள ஃப்ளோரைட், அபடைட், பயோடைட் ஆகிய தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு மெல்லக் கரைகிறது. தண்ணீர் பாறை வெடிப்பில் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவு கூடுதல். அப்படியானால் நம் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டு, கிணறுகளை மூடி, 100 அடியில் கிடைத்த தண்ணீரை 700 அடிக்குத் துரத்திப் போயிருக்கிறோம். ஆழத்தில் நெடுங்காலம் ஊறிய தண்ணீரைத்தான் மோட்டார் மேலே கொண்டுவருகிறது. தண்ணீர் வற்றும்போது இன்னும் 200 அடி இறக்கலாம் என்று யாராவது சொன்னால், புதிதாக வரும் தண்ணீரைச் சோதிக்காமல் குடிக்காதீர்கள். இந்த நோய் நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இது மக்களிடையே பரவலாக இருப்பதை 1937-லேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

மெஷினுக்குப் பணம் கட்டுமுன் சோதனை செய்யுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஊராட்சியில் களச்சோதனைப் பெட்டி இருந்தால் அங்கேயே முதல் தகவல் கிடைத்துவிடும். அதன் மருந்தைச் சொட்டு விட்டதும் தண்ணீர் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்ந்தால் ஃப்ளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்திய தர நிர்ணய அமைவனம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5தான். மழைக்குப் பின் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பாருங்கள், அளவு மாறும்.

ஆர்.ஓ. ஃப்ளோரைடைப் பெரும்பகுதி நீக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் விற்க வருபவர் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். 800 என்று எண் வரும் தண்ணீரில் 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பல மெஷின்களில் 'டிடிஎஸ் கன்ட்ரோலர்' என்று ஒரு திருகு இருக்கும். சுவை கூட்டுவதற்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலந்துவிடும் வழி அது. உங்கள் ஊரில் அதை முழுக்க மூடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீக்கிய ஃப்ளோரைடே திரும்பி வரும். மாட்டிய பிறகு வெளிவரும் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். மெஷினுக்குள் வடிகட்டும் சவ்வான மெம்பரேன் பழையதானால் மறுபடியும் கொடுங்கள். கழிவுத் தண்ணீரில் ஃப்ளோரைடு செறிந்திருக்கும். அதைத் தரை கழுவ, கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மாட்டுக்குக் காட்டாதீர்கள். மாடுகளுக்கும் இதே நோய் வரும்.

வீட்டுக்கே பெரிய கருவி வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ போர் தண்ணீரே போதும், தோல் வழியாக இது கவலைப்படும் அளவுக்கு ஏறாது. மாற்ற வேண்டியது குடிநீரும் சமையல் தண்ணீரும் மட்டுமே. இந்தச் சமையல் தண்ணீரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். குடிக்கக் கேன் வாங்கிவிட்டு, களி கிண்டுவதும் கூழ் காய்ச்சுவதும் சோறு வடிப்பதும் போர் தண்ணீரில் என்றால் பாதி வேலைதான் ஆகும். களியும் கூழும் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்று உங்களுக்கே தெரியும். கேழ்வரகில் கால்சியம் நிறைய; அது ஃப்ளோரைடு உடம்பில் ஏறுவதைக் குறைக்கக்கூடியது. நல்ல தண்ணீரில் கிண்டினால் குழந்தைக்கு அதுவே துணை. பாலும் நெல்லிக்காயும் கொடுங்கள், பெரியவர்கள் கட்டஞ்சாயாவைக் குறையுங்கள், தேயிலையிலும் ஃப்ளோரைடு உண்டு. புளி சேர்த்த உணவு சாப்பிட்டவர்களின் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறுவதை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டிருக்கிறார்கள். அதற்காகப் புளிக்குழம்பை நம்பித் தண்ணீரை மாற்றாமல் விடாதீர்கள்.

செலவில்லாத வழி ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஜப்பான் நிதியுதவியோடு 2013-இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. உங்கள் இரண்டு மாவட்டங்களுக்காகவே வந்த காவிரித் தண்ணீர் அது. உங்கள் குழாயில் காவிரி மட்டும் வருகிறதா, மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரும் கலக்கிறதா என்று ஊராட்சியில் கேளுங்கள். குழாயில் பிடித்த தண்ணீரையும் தனியாகச் சோதியுங்கள். அளவு சரியாக இருந்தால் மெஷினே வேண்டாம். மழைநீரில் ஃப்ளோரைடு அநேகமாக இல்லை. முதல் மழையைக் கழியவிட்டு மூடிய தொட்டியில் பிடித்தால், அதைக் காய்ச்சிக் குடிக்கலாம்.

மாமியாருக்கு மூன்று சின்னச் சோதனை செய்து பாருங்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து தரையில் கிடக்கும் காசை எடுக்க முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கிப் பின்மண்டையைத் தொட முடிகிறதா? முடியவில்லை என்றால் எலும்பு ஃப்ளோரோசிஸ் இருக்கலாம், மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் முன்கை எக்ஸ்ரேயும் சிறுநீரில் ஃப்ளோரைடு அளவும் பார்த்தால் தெரியும். அதுவரை கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். ஃப்ளோரைடை வெளியேற்றும் வேலை சிறுநீரகத்தினுடையது. வலி மாத்திரையால் அது கெட்டால் எலும்பில் ஃப்ளோரைடு இன்னும் சேரும். இறுகிய எலும்பை இளக்கும் மருந்து இல்லை. தண்ணீரை மாற்றினால் இது மேலும் முற்றாது, உடற்பயிற்சி சிகிச்சையால் கொஞ்சம் அசைவு திரும்பும்.

மகளுக்கு இனிமேல் பயன் இல்லையோ என்று நினைக்க வேண்டாம். கடைவாய்ப் பற்கள் சிலவற்றின் எனாமல் 8 வயது வரை இறுகிக்கொண்டிருக்கும், எலும்போ வளர்ச்சி முடியும்வரை ஃப்ளோரைடைப் பிடிக்கும். அவள் பகல் முழுவதும் குடிப்பது பள்ளித் தண்ணீர், மதியம் சாப்பிடுவது அந்தத் தண்ணீரில் வெந்த சத்துணவு. ஆய்வகத்துக்குப் போகும் நாளில் பள்ளிக் குழாயிலும் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுங்கள், அறிக்கையின் நகலைத் தலைமை ஆசிரியரிடமும் ஊராட்சியிலும் சேருங்கள்.