டாக்டர் ஆப்பைப் பார்க்க மறுத்தால்

அம்மாவின் கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) பக்கவிளைவுகளை போன் ஆப்பில் தினமும் பதிந்தும் டாக்டர் போனைக் கையில் வாங்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மனசு கஷ்டப்படத்தான் செய்யும். ஆனால் அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை. ராத்திரி வரும் பதிவை யார் பார்ப்பது, தவறவிட்டால் யார் பொறுப்பு என்ற தயக்கம் பல மருத்துவர்களுக்கு உண்டு.

உங்கள் உழைப்பு வீண் இல்லை. பரவிய புற்றுநோய் உள்ள 766 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2017-இல் வெளியானது. அறிகுறிகளை இணையத்தில் தெரிவித்து வந்தவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட சுமார் 5 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள். அங்கே அறிகுறி மோசமானால் நர்ஸுக்கு எச்சரிக்கை போனது.

அதனால் அடுத்த முறை போனை நீட்டாதீர்கள். "மூன்றாம் நாள் நான்கு தடவை வாந்தி, ஐந்தாம் நாள் வாய்ப்புண்" என்று அரைப்பக்கத்தில் எழுதி முதலில் நர்ஸிடம் கொடுங்கள். அப்புறம், காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் ஆப்பில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.